படுக்கை, மாத்திரை, சோறு: சென்னையில் நடந்த ஒரு காசநோய் ஆய்வு

1948-ஆம் ஆண்டில் இரண்டு எழுத்தாளர்கள் ஒரே நோயுடன் படுத்திருந்தார்கள். ஒருவர் ஜார்ஜ் ஆர்வெல். ஸ்காட்லாந்தின் ஹேர்மயர்ஸ் மருத்துவமனையில் இருந்த அவருக்கு, பிரிட்டனில் அப்போது எளிதில் கிடைக்காத ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புதிய மருந்து அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. நண்பர் டேவிட் ஆஸ்டர் முயன்று, சுகாதார அமைச்சர் அனூரின் பெவனின் இசைவும் கிடைத்த பிறகே அது கப்பலேறியது. ஆர்வெலின் உடலுக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்த வேண்டியதாயிற்று. 1950 ஜனவரியில் அவர் இறந்தார். மற்றவர் புதுமைப்பித்தன். 'ராஜமுக்தி' படவேலைக்காகப் புனே சென்றிருந்தபோது அவரைப் பற்றிக்கொண்ட காசநோய், அதே 1948-இல் திருவனந்தபுரத்தில் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. வயது 42.

அவர் இறந்து சில மாதங்கள் கழித்து, அவ்வாண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. நுரையீரல் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுகிறது என்பதை ஐயமற நிறுவிய கட்டுரை அது. அந்த மருந்து அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் 1943-இலேயே கண்டெடுக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்த நாளுக்கும் நிறுவிய நாளுக்கும் இடையில் ஐந்து ஆண்டுகள். நிறுவிய நாளுக்கும், சென்னையின் ஓட்டுவீட்டில் இருமிக்கொண்டிருக்கும் ஒரு கூலித்தொழிலாளியின் கையில் மருந்து வந்து விழுந்த நாளுக்கும் இடையில் இன்னும் பல ஆண்டுகள்.

கண்டுபிடித்தவர்களின் கதை நமக்கு ஓரளவு தெரியும். கண்டுபிடிப்பைச் சிகிச்சையாக மாற்றியவர்களின் கதை அவ்வளவு தெரியாது. அது பெரும்பாலும் அரசாங்கங்களும் குழுக்களும் பதிவேடுகளும் நிறைந்த கதை. தனி நாயகன் இல்லாத கதை. அதன் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் ஊரில், சேத்துப்பட்டில் நடந்தது. அந்த ஆய்வு தந்த விடை உலகத்தையே மாற்றியது. அந்த விடையை நாம் வாசித்த விதத்தில் மட்டும் ஒரு பிழை நேர்ந்தது. அதைத் திருத்த அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

*

முதலில் லண்டன். போர் முடிந்த பிரிட்டனில் டாலர் பஞ்சம். ஸ்ட்ரெப்டோமைசினை அமெரிக்காவிலிருந்துதான் வாங்கியாக வேண்டும். அரசால் வாங்க முடிந்த அளவோ கொஞ்சம். நோயாளிகள் ஏராளம். இந்தப் பற்றாக்குறையையே ஒரு வாய்ப்பாக மாற்றினார் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். எப்படியும் எல்லோருக்கும் கொடுக்க முடியாது. கொடுப்பதையாவது ஒரு முறைப்படி கொடுத்து, மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிந்துகொள்வோம் என்பது அவர் வாதம். 107 நோயாளிகள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. சமவாய்ப்பு எண்களைக் கொண்டு தயாரித்து மூடி வைத்த உறைகள் தீர்மானித்தன. ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். பெறாத 52 பேரில் 14 பேர்.

நவீன மருத்துவச் சோதனைகளின் முன்மாதிரியாக இன்றும் இது போற்றப்படுகிறது. தாம் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டிருக்கிறோம் என்பது அந்த 52 பேருக்கும் சொல்லப்படவில்லை என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான்.

மருந்து தந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில மாதங்களில் கிருமிகள் ஸ்ட்ரெப்டோமைசினுக்குப் பழகிக்கொண்டன. தேறியவர்கள் பலர் மீண்டும் சரிந்தார்கள். ஆனால் சோதனை என்ற அமைப்பு கையில் இருந்ததால் அடுத்த கேள்வியை உடனே கேட்க முடிந்தது. சுவீடனில் யோர்கன் லேமன் உருவாக்கிய பாஸ் (பாரா அமினோ சாலிசிலிக் அமிலம்) என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமிகள் பழகிக்கொள்வது பெருமளவு தடைபடுகிறது என்பதை 1950-இல் அதே கழகம் காட்டியது. ஒரே மருந்தால் தீராத நோய், கூட்டு மருந்தால் தீரும் என்ற இன்றைய அடிப்படை அங்கே பிறந்தது.

1952-இல் மூன்றாவது மருந்து வந்தது: ஐசோனியசிட். இதன் கதை கண்டுபிடிப்புக்கும் சிகிச்சைக்கும் இடையிலுள்ள தொலைவுக்கு ஒரு கசப்பான எடுத்துக்காட்டு. இந்தப் பொருளை 1912-இலேயே பிராகா நகரில் இரண்டு வேதியியலாளர்கள் தயாரித்திருந்தார்கள். அது காசநோயைக் கொல்லும் என்று யாருக்கும் தெரியாமல் நாற்பது ஆண்டுகள் நூலகத்தில் கிடந்தது. அந்த நாற்பது ஆண்டுகளில் காசநோயால் இறந்தவர்கள் பல கோடி. பழைய பொருள் என்பதால் அதற்குக் காப்புரிமை கோர எவராலும் முடியவில்லை. ஆகவே அது மலிவாக வந்தது. ஏழை நாடுகளின் வரலாற்றில் இந்த மலிவு பெரிய பங்கு வகித்தது.

*

மருந்து வந்த பிறகும் மருத்துவ உலகம் ஒரு பழைய நம்பிக்கையை விடவில்லை. காசநோயாளி சானடோரியத்தில்தான் இருக்க வேண்டும். நல்ல காற்று, நீண்ட ஓய்வு, சத்தான உணவு, குடும்பத்திலிருந்து விலகல் ஆகிய நான்கும் இல்லாமல் மருந்து மட்டும் போதாது என்பது அந்த நம்பிக்கை.

சென்னைக்கு அந்த நம்பிக்கையோடு நெருங்கிய உறவு உண்டு. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர் டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் மருத்துவர். 1917-இல் நோயுற்ற கணிதமேதை ராமானுஜன் அங்கே சில காலம் இருந்தார். ராமானுஜனுக்கு அன்று காசநோய் என்றே சிகிச்சை நடந்தது. அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். 1920-இல் அவர் சேத்துப்பட்டில் இறந்தார். சௌரிமுத்து நாடு திரும்பி 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது.

ஆனால் படுக்கைகள் எங்கே? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1955 முதல் 1958 வரை நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு ஓர் அதிர்ச்சியைத் தந்தது. காசநோய் நெரிசலான நகரங்களின் நோய் என்று எண்ணியிருந்தார்கள். கிராமங்களிலும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. நோயாளிகள் பல லட்சம். இருந்த படுக்கைகள் அதில் ஒரு சிறு பின்னம். சானடோரியம்தான் சிகிச்சை என்றால், பெரும்பாலான இந்தியர்களுக்குச் சிகிச்சை இல்லை என்றே பொருள்.

இந்தச் சூழலில்தான் 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூட்டாக நடத்தின. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். முதலில் ஐந்தாண்டுத் திட்டம் என்றுதான் தொடங்கினார்கள்.

காலமும் எளிதானதாக இல்லை. பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கத்துக்கு எதிராக இராஜாஜியே 1955-இல் ஒரு நூல் எழுதி வெளியிட்டிருந்தார். மேலிருந்து வரும் மருத்துவத் திட்டங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்குச் சென்னையில் பெரிய இடத்து ஆதரவே இருந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் ஏழை இந்தியர்களை வைத்து ஆய்வு செய்கிறார்கள் என்று எவரும் சொல்லியிருக்கலாம். பணக்கார நாட்டுக்குச் சானடோரியம், ஏழை நாட்டுக்கு மாத்திரைப் பொட்டலமா என்ற கேள்வியும் நியாயமானதே.

அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை காண ஒரே வழி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. மையம் அதைத்தான் செய்தது.

*

நகரின் ஏழைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள், சளியில் கிருமி உறுதியானவர்கள், முன்பு மருந்து பெறாதவர்கள் என இருநூறுக்கும் குறைவான நோயாளிகள். சமவாய்ப்பு முறையில் இரண்டு பிரிவு. ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் தங்கினார்கள். மறு பிரிவினர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட்டும் பாஸும்.

வீடு என்றால் எப்படிப்பட்ட வீடு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓர் அறை, பல பேர், குறைந்த காற்று. ஓய்வு என்பது பேச்சளவில் மட்டுமே. உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போயாக வேண்டும். சானடோரியத்தில் கிடைத்த உணவோடு ஒப்பிட்டால் வீட்டுச் சாப்பாடு அளவிலும் சத்திலும் வெகுவாகக் குறைவு. பழைய மருத்துவ நம்பிக்கையின்படி இந்த நோயாளிகள் தேறவே கூடாது.

1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவுகள் வந்தன. ஓராண்டு சிகிச்சைக்குப் பின் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காடு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியிருந்தது. எக்ஸ்-ரே மாற்றங்களிலும் கிருமி மறைவதிலும் பெரிய வேறுபாடு இல்லை. 1966-இல் வெளியான ஐந்தாண்டுத் தொடர்கணிப்பிலும் இரு பிரிவினரின் நிலை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இன்னொரு அச்சம் மிச்சமிருந்தது. நோயாளியை வீட்டில் வைத்தால் குழந்தைகளுக்கும் மனைவிக்கும் பரவாதா? குடும்பத்தினரையும் மையம் தொடர்ந்து பரிசோதித்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தில், சானடோரியம் சென்றவரின் குடும்பத்தைவிடக் கூடுதலாக நோய் தோன்றவில்லை. நோயாளி கண்டறியப்படுவதற்கு முன்பே பரவ வேண்டியது பெருமளவு பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் அந்த ஆபத்து விரைவில் குறைகிறது என்பது புரிந்தது.

இதன் விளைவு சாதாரணமானதன்று. தந்தையைப் பிரிந்து ஓராண்டு, தாயைப் பிரிந்து ஈராண்டு என்று குடும்பங்களைப் பிளந்த ஒரு நடைமுறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று ஆயிற்று. காசநோயாளியை ஒதுக்கி வைப்பதற்கு மருத்துவம் கொடுத்துவந்த முத்திரை பிடுங்கப்பட்டது. மேலைநாட்டுச் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு மருந்துகளே முதற்காரணம். ஆனால் மூடலாம் என்ற துணிவைத் தந்த சான்றுகளில் சென்னை ஆய்வு முன்வரிசையில் நின்றது. ஏழை நாட்டுக்காகக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை, பணக்கார நாடுகளுக்கும் பயன்பட்டது.

*

மாத்திரையை வீட்டுக்கு அனுப்பியபின் ஒரு புதிய சிக்கல் முளைத்தது. நோயாளி அதைச் சாப்பிடுகிறாரா? பாஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து. நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடுகிறது; மீதிப் பத்து மாதம் ஏன் விழுங்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுவது இயல்பு. மையத்தினர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று தெரிந்தது.

அதற்கும் ஒரு வழியை அவர்கள் தேடினார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும், மையத்தில், ஊழியரின் கண்முன் மருந்து கொடுத்தால் போதுமா? போதும் என்று 1964-இல் வெளியான ஆய்வு காட்டியது. 1990-களில் உலக சுகாதார நிறுவனம் உலகெங்கும் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைமுறையின் வேர்களில் ஒன்று இதுவே.

இந்திய அரசு தாமதிக்கவில்லை. 1959-இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம். 1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம். சென்னை முடிவு வெளிவந்து மூன்றே ஆண்டுகளில் அது நாட்டின் கொள்கை ஆகிவிட்டது. பிராகா நூலகத்தின் நாற்பது ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இது மின்னல் வேகம்.

ஆனால் கொள்கை கோப்பிலிருந்து இறங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரை நடந்து வருவது வேறு விஷயம். பெங்களூர் நிறுவனத்தைச் சேர்ந்த தேவபர் பானர்ஜி 1963-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சுட்டியது. காசநோய் அறிகுறியுள்ள கிராமத்தவரில் பாதிப்பேர் அளவுக்கு ஏற்கெனவே தாமாகவே மருத்துவம் தேடிப் போயிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. மக்கள் அறியாமையில் இருக்கிறார்கள் என்ற அதிகாரிகளின் வழக்கமான புகாரை அந்த ஒரு புட்டி உடைத்துவிட்டது. மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, சோதிக்கப்பட்டிருந்தது, கொள்கையாகவும் ஆகியிருந்தது. நோயாளி மருத்துவமனை வாசலுக்கும் வந்திருந்தார். கடைசி மேசையைத் தாண்டத்தான் வழியில்லை.

*

இனி, நாம் வாசித்ததில் நேர்ந்த பிழை.

சென்னை ஆய்வு கேட்ட கேள்வி, படுக்கை தேவையா என்பது. அதற்கு அது சரியான விடை தந்தது. கூடவே, உணவு பற்றிய தரவுகளையும் தனியே ஆராய்ந்து 1961-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. முறையாக மருந்து பெறுகிறவருக்கு, சாப்பாட்டுக் குறைவு நோய் அடங்குவதைத் தடுக்கவில்லை என்பது அதன் சாரம். அந்த எல்லைக்குள் அது உண்மை. நாள்தோறும் மருந்து கிடைக்க, செவிலியர் வீடு தேடி வர, மருத்துவர் மாதந்தோறும் பார்க்க, ஓராண்டு முடிவில் கிருமி மறைந்ததா என்பதே அங்கே அளவுகோல்.

ஆனால் அடுத்துவந்த பத்தாண்டுகளில் இந்த விடை மெல்ல வளர்ந்து வேறொன்றாயிற்று. மருந்து போதும், காசநோய்க்கும் சோற்றுக்கும் இனித் தொடர்பில்லை என்பது போன்ற ஒரு மனநிலை திட்டங்களில் படிந்தது. மாத்திரையை எண்ணலாம், விலை குறைக்கலாம், அனுப்பலாம். வறுமையை அப்படி எண்ணி அனுப்ப முடியாது. எந்த அரசுக்கும் வசதியான விடை முதலாவதுதான். பசித்த உடலில் நோய் எளிதில் பற்றுகிறதா, மிக மெலிந்தவர் மருந்து தொடங்கியும் இறந்துபோகிறாரா என்பவை வேறு கேள்விகள். சென்னை ஆய்வு அவற்றைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு 'இல்லை' என்று விடை எழுதிக்கொண்டவர்கள் பின்வந்தவர்கள்.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்ட ஆய்வு 2019-இல்தான் தொடங்கியது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்தினார்கள். பங்கேற்ற நிறுவனங்களில் ஒன்று சேத்துப்பட்டின் அதே பழைய மையம். இப்போது அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 2,800 நோயாளிகளுக்கும் மருந்தோடு உணவுப்பொருள் தந்தார்கள். அவர்கள் குடும்பத்தினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2023-இல் லான்செட் இதழில் வந்த முடிவு: உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது; தொற்றும் தன்மையுள்ள நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை கூடிய நோயாளிகள் இறப்பது கணிசமாகக் குறைவு என்பதும் தெரிந்தது. அரிசி, பருப்பு. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. கேட்கும் மனம்தான் தேவைப்பட்டது.

அரசு இதற்கு முன்பே ஓரடி எடுத்து வைத்திருந்தது. 2018-இல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் உணவுக்காகத் தரும் திட்டம் வந்தது. 2024 நவம்பரில் அது 1000 ரூபாய் ஆயிற்று. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இன்னும் நுட்பமானது. நோய் உறுதியானவுடனே எடையும் உயரமும், மூச்சின் வேகமும், ஆக்சிஜன் அளவும் பார்க்கிறார்கள். பிடிமானம் இன்றி எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். மிக மெலிந்து நலிந்தவர் என்று தெரிந்தால் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடாமல் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.

1959-இல் படுக்கை தேவையில்லை என்று உலகுக்குச் சொன்ன அதே ஊர், சிலருக்குப் படுக்கை வேண்டும் என்று மீண்டும் சொல்கிறது. இதில் முரண் எதுவும் இல்லை. முன்னது, தேறக்கூடியவரை வீட்டிலிருந்து பிரிக்காதே என்றது. பின்னது, சாகக்கூடியவரை வீட்டுக்குத் துரத்தாதே என்கிறது. இரண்டும் நோயாளியின் பக்கத்தில் நின்று கேட்ட கேள்விகளிலிருந்து வந்தவை.

கண்டுபிடிப்புகளை விரைவாக மக்களிடம் சேர்ப்போம் என்று அரசுகள் இன்று அடிக்கடி பேசுகின்றன; அமெரிக்காவில் அதற்கென்றே 2011-இல் ஒரு தேசிய மையம் அமைத்தார்கள். விரைவு நல்லதுதான், நாற்பது ஆண்டுகள் தூங்கிய ஐசோனியசிட்டை நினைத்தால் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அரசின் வேகம் எப்போதும் எண்ணக்கூடிய, பொட்டலம் கட்டக்கூடிய பொருள்களின் பக்கமே ஓடும். மருந்து மூன்று ஆண்டில் கொள்கையாயிற்று. மருந்து விழுங்குகிறவரின் வயிற்றில் சோறு இருக்கிறதா என்ற கேள்விக்கு, அதே ஆய்வு வெளிவந்த பிறகும் 64 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. எந்தக் கண்டுபிடிப்பைப் பற்றியும், அது எவ்வளவு விரைவாக வந்தது என்று கேட்கும்போதே, வழியில் எதை இறக்கிவைத்துவிட்டு வந்தது என்றும் கேட்கப் பழகுவது நல்லது.